பசலி 1307, தை அமாவாசை

பிப்ரவரி 4, செவ்வாய்

மூன்றாவது அத்தியாயத்தின் கடைசி வரியை இன்று மதியம் மூன்று நாற்பதுக்கு எழுதி முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன், அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

எம்.ஏ. வரலாறு, கடைசிப் பருவம். என் ஆய்வேட்டின் தலைப்பு: தென்னார்க்காட்டில் அம்மை குத்துதல், 1880 முதல் 1910 வரை. வகுப்பில் மற்றவர்கள் கோயில், கோட்டை, தேர்தல் என்று எடுத்தபோது நான் மருத்துவ வரலாறு எடுத்தேன். கோமதிநாயகம் சார் மட்டும்தான் அதற்கு வழிகாட்டுகிறார். அவரிடம் மாணவர்கள் குறைவு. அறை வாசலில் நாலு பேருக்கு முன்னால் நின்று பேச வேண்டியதில்லை.

இந்த அத்தியாயம் வெண்மணல்மேடு என்ற ஒரே ஊரைப் பற்றியது. கையில் இருப்பது இரண்டு ஆவணங்கள். ஒன்று, ஊர்க் கணக்குப்பிள்ளை எழுதிய இறப்புப் பதிவேடு. பெரியம்மையில் பதின்மூன்று பேர் இறந்திருக்கிறார்கள், எல்லாரும் மேலத்தெரு. இன்னொன்று, அம்மை குத்தப் போன அரசாங்க ஊழியர் ராமானுஜலுவின் நாட்குறிப்பு. 1898 பிப்ரவரி ஒன்பதாம் தேதி அவர் அந்த ஊருக்குப் போகிறார். "மேலத்தெருவில் இருபத்தேழு வீடு. இருபத்தேழும் சாத்தியிருந்தது. கதவில் வேப்பிலை. கூப்பிட்டும் திறக்கவில்லை. புத்தியற்ற ஜனங்கள்" என்று எழுதிவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

1897இல் பதின்மூன்று சாவு. அடுத்த வருடமே, காப்பாற்ற வந்தவருக்குக் கதவைத் திறக்கவில்லை. "சாவைப் பார்த்த பிறகும் மாறாத அறியாமை" என்று முடித்திருக்கிறேன். அத்தியாயத்தின் பெயர் 'சாத்திய கதவுகள்'.

பிப்ரவரி 5, புதன்

ஆவணக் காப்பகத்தில் கட்டுகளை எடுத்துத் தரும் பாக்கியம் அக்கா இன்று என்னைப் பார்த்து, "இன்னாம்மா, நீ ஊமையோன்னு ரெண்டு மாசமா நெனச்சினு இருந்தேன். நேத்து தும்முனியா, அப்பதான் சத்தமே கேட்டுது" என்றார். சிரித்தேன். பதில் ஏதாவது சொல்லியிருக்கலாம். அறைக்கு வந்த பிறகுதான் நல்ல பதிலாக மூன்று தோன்றின.

பிப்ரவரி 9, ஞாயிறு

அம்மா அலைபேசியில் பேசினாள். பண்ருட்டியில் அவள் முந்திரி உடைக்கிற இடத்தில் ஞாயிறு அரைநாள்தான் வேலை.

"அப்படி என்னாதான்டி எழுதுற இவ்ளோ நாளா?"

"அம்மை குத்துறது பத்திம்மா."

"தடுப்பூசியா?"

"அதான்."

"நல்லது. எழுதி முடிச்சா வேலை குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

வெண்மணல்மேடு எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரம்தான் என்று சொல்லவில்லை. அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அவளுக்கு அடுப்பில் வேலை இருந்தது.

பிப்ரவரி 17, திங்கள்

சார் மூன்றாவது அத்தியாயத்தைப் படித்துவிட்டார். வராந்தாவில் நிற்க வைத்துக் கேட்டார்.

"ஏம்மா, இத நீயாத்தான் எழுதுனியா?"

"ஆமா சார்."

"நல்லாருக்கு. நாப்பது வருஷத்துல பத்து மாணவங்க இப்படி எழுதியிருப்பாங்க." பிறகு சற்று யோசித்து, "இல்ல, ஆறு பேரு" என்றார்.

ஏப்ரல் நான்காம் தேதி எங்கள் கல்லூரியில் நடக்கும் கருத்தரங்கில் சார் படிக்கப் போகும் கட்டுரையில் வெண்மணல்மேட்டைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவர் என்னிடம் அனுமதி கேட்டார். "அடிக்குறிப்புல ஒம் பேரு போட்டுருதேன்."

விடுதி அறைக்கு வந்து ரோஷன் பானுவிடம் சொன்னேன். அவளும் என் வகுப்பு. இரயில்வே குடியிருப்புகள் பற்றி எழுதுகிறாள். "அடிக்குறிப்புலயா? அந்த எழுத்தைப் படிக்க எறும்பைத்தான் கூப்பிடணும்" என்றாள். ஆனால் விடுதியில் பார்த்தவர்களுக்கெல்லாம் அவளே போய்ச் சொன்னாள்.

பிப்ரவரி 26, புதன்

நான்காவது அத்தியாயம், ஆறு பக்கம். துணி துவைத்தேன்.

மார்ச் 12, புதன்

கருத்தரங்க மலர் அச்சாகி வந்துவிட்டது. சாரின் கட்டுரையில் ஐந்தாம் பக்கம் முழுக்க வெண்மணல்மேடு. அடிக்குறிப்பில் 'செல்வி மு. சுகிர்தா' என்று இருக்கிறது. எறும்பு இல்லாமலே படிக்க முடிந்தது.

மார்ச் 24, திங்கள்

இதை வரிசையாக எழுத வேண்டும். அப்போதுதான் எனக்கே தெளிவாகும்.

அடிக்குறிப்புகளைச் சரிபார்க்கிற வேலை. முப்பத்தொன்றாவது குறிப்புக்குப் பக்க எண் விட்டுப்போயிருந்தது. இறப்புப் பதிவேட்டை மறுபடி கேட்டேன். "பாத்த கட்டையே திருப்பிப் பாக்குறியே, உள்ள புதையலு கிதையலு கீதா?" என்று பாக்கியம் அக்கா கொண்டு வந்து வைத்தார்.

பதிவேட்டின் கடைசிக் கட்டம் 'விசேஷம்', குறிப்பு எழுதும் இடம். பெரும்பாலும் காலியாகவே இருக்கும் என்பதால் நான் அதைப் படியெடுக்கவில்லை. மேலத்தெருவின் முதல் சாவுக்கு நேராக அந்தக் கட்டத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: "தை அமாவாசை, சூரிய கிரகணம். கிரகணம் விட்ட பிறகு அடக்கம்."

அழகான தகவல். அத்தியாயத்தில் சேர்க்கலாம் என்று, பழைய கிரகணப் பட்டியலை இணையத்தில் தேடி எடுத்தேன். 1897இல் நம் பக்கம் சூரிய கிரகணமே தெரியவில்லை. 1898 ஜனவரி 22இல் தெரிந்திருக்கிறது. அன்றுதான் தை அமாவாசையும்.

கணக்குப்பிள்ளை ஆண்டைப் பசலியில் எழுதியிருக்கிறார். பசலி நிலவரிக்காக வைத்த ஆண்டு, ஜூலையில் பிறந்து அடுத்த ஜூனில் முடியும். அதை ஆங்கில ஆண்டாக்க 590ஐக் கூட்ட வேண்டும். முதலாண்டுத் தேர்வில் இந்தக் கேள்விக்கு எனக்கு முழு மதிப்பெண். ஆனால் 590 கூட்டுவது ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும்தான். ஜனவரி பிறந்துவிட்டால் 591. இதுவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், பதிவேட்டைத் திறந்த முதல் நாள் 1307ஐ ஒரே ஒரு தடவை கூட்டி, தாளின் தலையில் பென்சிலால் 1897 என்று எழுதிக்கொண்டேன். அப்புறம் தை, மாசி எல்லாமே அந்த 1897க்குக் கீழேயே வந்து உட்கார்ந்துவிட்டன.

பதின்மூன்று சாவும் 1898 ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி கடைசிக்குள். ராமானுஜலு கதவைத் தட்டியது பிப்ரவரி ஒன்பது.

அதாவது, முந்தின வருடம் இல்லை. அதே நாட்கள். அவர் போய் நின்றபோது உள்ளே அம்மை கண்டவர்கள் படுத்திருந்தார்கள்.

"மூஞ்சி ஏன் இப்டி ஆயிட்ச்சி? சாப்ட்டியா நீ?" என்று பாக்கியம் அக்கா கேட்டார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

மார்ச் 25, செவ்வாய்

ராமானுஜலுவின் நாட்குறிப்பில் முந்தின நாள், பிப்ரவரி எட்டு, என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பக்கத்து ஊரில் அம்மை கண்ட மூன்று வீடுகளுக்குள் போய், அங்கிருந்த பிள்ளைகளுக்குக் குத்திவிட்டு வந்திருக்கிறார். இதையும் நான் முன்பே படியெடுத்திருக்கிறேன். பயன்படுத்தவில்லை.

அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் போகக் கூடாது. அந்த வீட்டார் வெளியே வரக் கூடாது. வாசல் நிலையில் வேப்பிலை இருந்தால் அதுதான் அறிவிப்பு. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆவணக் காப்பகம் தேவையில்லை. நான் ஏழாவது படித்தபோது தம்பிக்கு அம்மை போட்டது. மின்சார அளவு குறிக்க வந்தவரை அம்மா வாசலிலேயே நிறுத்தி, "உள்ள வராத சார், ஒங்க வூட்லயும் புள்ளைங்க இருக்கும்" என்று திருப்பி அனுப்பினாள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

'அறியாமை' என்ற சொல்லை அத்தியாயத்தில் தேடினேன். பதினோரு இடம்.

நல்ல நடை வேண்டும் என்று போட்டது.

மார்ச் 26, புதன்

சார் அறைக்கு மூன்று தடவை போய்த் திரும்பினேன். நான்காவது தடவை அவரே பார்த்துவிட்டார்.

"என்னம்மா, வராந்தாவ அளக்கியா? உள்ள வா."

"சார், மூணாவது அத்தியாயத்துல ஒரு வருஷம் தப்பு சார்."

"ஒரு வருஷம்தான? திருத்திரு."

"திருத்தினா அத்தியாயமே மாறுது சார்."

சொன்னேன். பசலி, கிரகணம், பிப்ரவரி எட்டு, ஒன்பது. சார் மேசைமேல் இருந்த கருத்தரங்க மலரை எடுத்து ஐந்தாம் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

"மலர் அச்சாயிட்டு. நாலாந்தேதி நான் இத வாசிக்கணும். வெளியூர்ல இருந்தெல்லாம் ஆளு வாராங்க. பதினோராந்தேதி நீ ஆய்வேட்ட சமர்ப்பிக்கணும். நடுவுல புதுசா ஒரு அத்தியாயம் எழுதி, நான் எப்பப் படிச்சு, எப்பக் கையெழுத்துப் போட?"

அத்தியாயத்தின் தாள்களை அவர் முன் வைத்தேன்.

"இப்படியே குடு. பி.எச்டி. பண்ணும்போது திருத்திக்கிடலாம். பசலிய எவன் எடுத்துப் பாக்கப் போறான்?"

"நான் பாத்துட்டேன் சார்."

அது என் குரல்தான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, போயிட்டு வா" என்றார்.

வழிகாட்டியின் கையெழுத்து இல்லாத ஆய்வேட்டை அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள்.

மார்ச் 27, வியாழன்

திருத்தவில்லை. முதல் வரியிலிருந்து புதிதாக எழுதுகிறேன்.

மார்ச் 28, வெள்ளி

ஏழு பக்கம்.

மார்ச் 30, ஞாயிறு

அம்மாவிடம் கேட்டேன்.

"தம்பிக்கு அம்மை போட்டப்ப ஏம்மா கதவ சாத்தியே வச்சிருந்த?"

"அடுத்த வூட்டுப் புள்ளைங்களுக்கு வரக் கூடாதுன்னுதான். வேற எதுக்கு?"

"ஆத்தா கோவிச்சுக்கும்னு இல்லையா?"

"அதுவுந்தான். ரெண்டுந்தான். ஏன்டி, ஒன் புத்தகத்துல வேற மாதிரி போட்டுருக்குதா?"

"போட்டிருந்துச்சு."

"எவன் போட்டான்?"

அலைபேசியில் சார்ஜ் இல்லை என்றேன். ஆனால் அந்த 'ரெண்டுந்தான்' நல்ல விடை. சாமி பயம் என்று ஒரு பக்கமும், தொற்றைப் பற்றிய அறிவு என்று ஒரு பக்கமும் பிரித்து வைத்தால் எழுத வசதியாக இருக்கும். அந்தத் தெருவில் யாரும் அப்படிப் பிரித்திருக்க மாட்டார்கள். பதினெட்டாம் பக்கத்தில் இதை எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

இருபத்து நான்கு பக்கம். சார் மேசையில் வைத்தேன். நிமிராமல் "வச்சிட்டுப் போ" என்றார். பழையதைவிட இது நல்ல அத்தியாயம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

கருத்தரங்கு. நானும் பானுவும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். சார் இரண்டாவதாகப் பேசினார். ஒருவேளை மாற்றியிருப்பாரோ என்று ஐந்தாம் பக்கம் வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். மாற்றவில்லை. "சாவைப் பார்த்த பிறகும் மாறாத அறியாமை." என் வாக்கியம், சாரின் குரலில். நன்றாகத்தான் ஒலித்தது. முன்வரிசையில் ஒருவர் தலையை ஆட்டி ரசித்தார். வெண்மணல்மேட்டின் இருபத்தேழு வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்திருந்தால் எந்த முகத்தோடு கேட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை.

"கேள்விகள் ஏதும் உண்டா?" என்றார் தலைவர். ஒருவர் எழுந்து கேள்வி கேட்காமல் பாராட்டிவிட்டு உட்கார்ந்தார்.

ஐந்து வருடக் கல்லூரிப் படிப்பில் நான் ஒரு தடவைகூடக் கையைத் தூக்கியதில்லை. இன்று தூக்கினேன். பானு என் சுடிதாரின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் ஒலிவாங்கி வந்துவிட்டது.

"என் பெயர் சுகிர்தா. கேள்வி இல்லை. சாருடைய கட்டுரையில் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிற ஆண்டு நான் கொடுத்தது. அது தவறு. தப்பு என்னுடையது."

அரங்கில் நாற்காலிகள் திரும்பிய சத்தம் கேட்டது. சார் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். கோபமா இல்லையா என்று கடைசி வரிசையிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

"சத்தமா சொல்லும்மா" என்றார். "முன்னாடி இருக்கவங்களுக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னேன். 590, 591. தை அமாவாசை. ராமானுஜலு முந்தின நாள் எங்கே இருந்தார், மறுநாள் எந்தக் கதவைத் தட்டினார். இரண்டு நிமிடம் இருக்கும். பாதியில் ஒலிவாங்கியைப் பிடித்திருப்பதையே மறந்துவிட்டேன்.

பாராட்டிப் பேசியவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அப்படின்னா கதவைச் சாத்தினதாலதான் நோய் அடங்கிச்சுன்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை ஐயா. மற்ற தெருக்களில் ஒரு சாவும் பதிவாகவில்லை, அவ்வளவுதான் தெரியும். ஆனால் ஏன் சாத்தினார்கள் என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது."

உட்கார்ந்தேன். சார் மலரைத் திறந்து அதில் எதையோ எழுதினார். தேநீர் இடைவேளையில் என்னைத் தாண்டித்தான் போனார். பார்க்கவில்லை.

"பேசினது நீதானா, இல்ல உள்ள வேற ஆள வச்சிருக்கியா?" என்றாள் பானு. கொஞ்சம் கழித்து, "கையெழுத்துக்கு இப்ப என்னடி பண்ணுவ?" என்றும் கேட்டாள்.

ஏப்ரல் 7, திங்கள்

சார் அறை பூட்டியிருக்கிறது. விடுப்பாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றும் பூட்டு. ஒரு தடவை அழைத்தேன், எடுக்கவில்லை. இரண்டாம் தடவை அழைக்கவில்லை. வழிகாட்டி கையெழுத்திடும் சான்றிதழ்ப் பக்கத்தை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். எங்கே பார்த்தாலும் நீட்டிவிடலாம். பழைய அத்தியாயத்தோடு மட்டும் நீட்ட மாட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

வேலை எதுவும் ஓடவில்லை என்று காப்பகத்துக்குப் போனேன். பதிவேட்டைக் கேட்டேன். பாக்கியம் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"அது கெடைக்காது. மூணு நாளா ஒரு பெரியவரு அத்த எடுத்துனு குந்திகினு கீறாரு. டீ குடிக்கக்கூட எழுந்துக்கல. ஒன் ஊரு ஆளா?"

கோமதிநாயகம் சார். ஜன்னல் ஓர மேசையில், சட்டைக் கையை மடித்துவிட்டு, மூக்கு நுனியில் கண்ணாடியோடு. பக்கத்தில் என் ஆய்வேடு முழுவதும் தாள்தாளாக. போய் நின்றேன்.

"உக்காரு" என்றார். "பசலி 1306லயும் போயிப் பாத்தேன். ரெண்டாம் அத்தியாயம், நாப்பத்தி நாலாம் பக்கம். மாசி மாசத்துக்கு அங்கயும் 590 போட்டு வச்சிருக்க."

பார்த்தேன். போட்டுத்தான் வைத்திருந்தேன்.

"இன்னிக்கே திருத்திருதேன் சார்."

"நீ ஏம்மா என்ன மாதிரிப் பேசுத?" என்றார். அவர் சிரித்ததை இந்த வாரத்தில் இப்போதுதான் பார்த்தேன். "பதிவேட்ட நான் அன்னிக்கே எடுத்துப் பாத்திருக்கணும். மாணவி எழுதியிருக்கான்னு அப்படியே எடுத்து வாசிச்சேன் பாரு. சான்றிதழ் வச்சிருக்கியா?"

நீட்டினேன். சார் சட்டைப் பையைத் தடவினார். வாசிப்பறைக்குள் பேனா கொண்டுவரக் கூடாது, பென்சில்தான். இருவரும் எழுந்து வெளியே பைகளை வைக்கும் இடத்துக்குப் போனோம். பாக்கியம் அக்கா பின்னாலேயே வந்து, "ரெண்டு பேரும் எங்க ஓடுறீங்க? கட்டு தொறந்து கெடக்குது!" என்று அதட்டினார். சார் தன் பேனாவை எடுத்து, அங்கிருந்த மரப்பெட்டியின்மேல் தாளை வைத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

"மலர்ல திருத்தம் ஒண்ணு ஒட்டிக் குடுக்கச் சொல்லியிருக்கேன். சின்னச் சீட்டுதான். நீயே எழுது. ரெண்டு பேரு பேரும் போட்டுரு."

"யார் பேரு சார் மொதல்ல?"

"தப்புப் பண்ணினது யாரு?"

"நான்தான் சார்."

"கண்டுபிடிச்சது?"

"நான்தான் சார்."

"பொறவு என்ன கேள்வி?"

ஏப்ரல் 11, வெள்ளி

நாற்பத்து நான்காம் பக்கம் திருத்தி, நேற்று பைண்டிங் செய்து, இன்று காலை பதினொன்றரைக்குச் சமர்ப்பித்தேன். அலுவலகத்தில் முத்திரை குத்தி ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது அத்தியாயத்தின் பெயர் அதேதான், 'சாத்திய கதவுகள்'.

மதியம் உட்கார்ந்து மலருக்கான சீட்டை எழுதினேன். அரைப் பக்கம் வந்தது. விளக்கங்களை அடித்தேன். நான்கு வரி வந்தது. அதையும் குறைத்தேன். சாரிடம் அலைபேசியில் படித்துக் காட்டினேன். ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம் என்றார்.

திருத்தம். ஐந்தாம் பக்கம், பத்தொன்பதாம் வரியில் 1897 என்பதை 1898 என்று கொள்க. இருபத்து மூன்றாம் வரியில் 'சாவைப் பார்த்த பிறகும் மாறாத அறியாமை' என்பதை நீக்கிப் படிக்கவும். மு. சுகிர்தா, ச. கோமதிநாயகம்.